நாணயம் கிடைத்த இடத்தைக் குறிக்க போனே போதும்

இங்கிலாந்து வயல்களில் பழைய நாணயம் தேடுபவர்கள், ஜி.பி.எஸ். பொருத்திய மெட்டல் டிடெக்டருக்குக் கூடுதல் பணம் கொடுக்குமுன் கையிலிருக்கும் போனைப் பயன்படுத்திப் பாருங்கள். குழியை மூடுவதற்கு முன் போனை அதன் ஓரத்தில் வைத்து, அது காட்டும் கிரிட் எண் (வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் எண்) நிலைத்ததும் சேமியுங்கள். அதே எண்ணை நாணயம் போட்ட உறையின் மேலும் எழுதுங்கள். டிடெக்டரைச் சற்றுத் தள்ளி வையுங்கள், போன் அருகில் இருந்தால் கீச்சிடும். "ஆற்றோரம், மூன்றாவது வயல்" என்றால் கண்டெடுத்தவற்றைப் பதிவு செய்யும் அலுவலருக்குப் போதாது. அவர் கேட்பது கிரிட் எண்.

திறந்தவெளியில் போன், டிடெக்டர் இரண்டுமே சில மீட்டர் பிழையோடுதான் இடம் காட்டும். டிடெக்டரின் அடியில் உள்ள தேடும் வட்டான காயிலின் அகலமோ பெரும்பாலும் 28 செ.மீ. அளவுதான். ஆகவே எந்த நிலப்பட்டையைத் தேடாமல் விட்டோம் என்பதைத் திரையில் தெரியும் நடைத்தடம் சொல்லாது (விளம்பரப் படங்களைப் பார்த்தால் சொல்லும் போலத்தான் இருக்கும்). அதற்குக் கயிறு கட்டித் தேடுவதே மேல்.

அடர்ந்த மரங்களுக்கு அடியில் இரண்டையும் நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் வண்டியை விட்டு வெகுதூரம் நடப்பவர்களுக்கு மட்டும், மினெலாப் ஜி.பி.இசட். 7000 போன்ற தங்கம் தேடும் டிடெக்டர்களில் உள்ள ஜி.பி.எஸ். கொடுத்த காசுக்குத் தகும்.