பழைய ஓட்டுவீடு வாங்கப் போகிறீர்களா? மழையில் போய்ப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம், முற்றத்தைச் சுற்றி நாலுகட்டும் நெல் வைக்கும் மர அறைப்புரையுமாக ஒரு தறவாட்டு வீடு (பரம்பரைக் குடும்ப வீடு) விலைக்கு வந்திருக்கிறது என்று தரகர் கூப்பிட்டால் வெயிலில் போகாதீர்கள். நம் மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கொட்டித் தீர்த்த மறுநாள் காலையில் போனால், எந்த ஓடு ஒழுகுகிறது என்று ஓட்டுக்குக் கீழே உள்ள மச்சுப் பலகையே காட்டிக் கொடுத்துவிடும்.

இன்ஜினியர் அப்புறம் வரட்டும், முதலில் வயதான ஆசாரி ஒருவரைக் கூட்டிப் போங்கள். நடுவில் தட்டினால் கணீரென்று கேட்கிற தேக்குக் கழுக்கோல்கூட (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்), சுவரில் உட்காரும் முனையில் மாவாகிக் கிடக்கும். அங்கே திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும், புது பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்தி. சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், அதை உரிக்கும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

சரி, பத்திரம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவர்கள் இல்லையா, மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம், ஆண்டும் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டாக இருக்கும். 1098 என்று பார்த்துவிட்டு குலோத்துங்கன் காலத்து வீடோ என்று மலைக்க வேண்டாம், அது 1922-23தான். கணினியில் கிடைக்காத பழைய வருடங்களுக்கு வில்லங்கம் பார்க்கச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போடுங்கள். ஆனால் உண்மையான வில்லங்கம் பாகப்பிரிவினையில்தான் ஒளிந்திருக்கும். நான் ஒருமுறை அட்வான்ஸ் கொடுத்த பிறகு, பங்குள்ள ஒரு அக்கா மகள் கையெழுத்தே போடவில்லை என்று தெரிந்து, பணம் திரும்பி வர எட்டு மாதம் ஆனது. வம்சாவளியை ஒரு தாளில் எழுதி வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் கையெழுத்தோ இறப்புச் சான்றோ இருக்கிறதா என்று நீங்களே டிக் போடுங்கள்.

தோட்டத்து மூலையில் நாகர் காவு (பாம்புத் தெய்வத்துக்கு விட்ட சிறு தோப்பு) இருந்தால், விளக்கு வைக்கக் குடும்பத்தார் இனியும் வருவார்களா, வருவதானால் எந்த வழியாக என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

வழி என்றதும் இன்னொன்று. இரண்டு மண்கரைக்கு நடுவே ஆள் மட்டும் போகிற இடவழிதான் பாதை என்றால், ஓடும் மரமும் தலைச்சுமையாகத்தான் வரும். அந்தக் கூலியையும் கணக்குப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.