சொந்த ட்ரக்கில் முதல் வருடம்: லோட் எடுக்க முன் பார்க்க வேண்டியவை

ஒன்ராறியோவில் ஏ-செட் (ட்ரெய்லர் ட்ரக் ஓட்டும்) லைசன்ஸ் எடுத்து கொம்பனி ட்ரக் ஓடுகிற நம்மவர்களில் பலருக்கு, கொஞ்சக் காலத்தில் 'சொந்தமாக ஒன்று வாங்கினால் என்ன' என்ற எண்ணம் வந்துவிடும். பிரம்ப்டன், மிசிசாகா யார்ட்டுகளில் நின்று கதைத்தால் "மைலுக்கு மூன்று டொலர் கிடைத்தது" என்ற கதைதான் காதில் விழும். அந்த லோட் எந்த ஊருக்குப் போனது, அங்கிருந்து திரும்பி வர என்ன கிடைத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லோட் தெரிவின் முழு விஷயமும் அதற்குள்தான் இருக்கிறது.

வாங்க முன் சில விஷயங்கள். ஏ-செட் எடுக்க 2017 ஜூலை முதல் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். ஆனால் லைசன்ஸ் கையில் இருந்தால் மட்டும் போதாது. இன்சூரன்ஸ்காரர்கள் அனுபவத்தைத்தான் பார்ப்பார்கள். இரண்டு மூன்று வருட ஓட்டம் இல்லாதவருக்கு இன்சூரன்ஸ் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் விலை தாங்காது. அதுவரை கொம்பனி ட்ரக் ஓடுங்கள். அந்தக் காலம் வீண் போகாது. எந்த வெயர்ஹவுஸ் அரை நாள் காக்க வைக்கும், எந்த ஊரில் லோட் கிடையாது என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும்.

ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். ட்ரக் கொம்பனியுடையது, நீங்கள் ஓட்டுவது மட்டும்தான், ஆனால் "ஒரு கோப்பரேஷன் திறந்து வா, அதன் பெயரில் காசு தருகிறோம்" என்பார்கள். அது ஓனர் ஒப்பரேட்டர், அதாவது சொந்த ட்ரக் வைத்து ஓடுகிறவரின் வேலை இல்லை. வரி பிடிக்காமல் முழுக் காசும் கைக்கு வருவதால் ஆரம்பத்தில் நன்றாகத்தான் தெரியும். பிறகு வரித் திணைக்களம் உங்களை ஊழியர் போலக் கணக்கெடுத்தால், சிறு தொழில் வரிச் சலுகையும் போய், செலவுக் கழிவுகளும் பெரும்பாலும் போய்விடும். விடுமுறைச் சம்பளம், வேலையிழப்புக் காப்புறுதி எதுவும் இருக்காது. புதிதாக வந்தவர்களைத் தேடித்தான் இந்தப் பேச்சு வரும்.

சொந்த ட்ரக் எடுத்தவருக்கு இரண்டு வழி உண்டு. ஒரு கரியரின் (சாமான் ஏற்றி ஓடும் ட்ரக் கொம்பனியின்) கீழ் ட்ரக்கைப் போட்டு அவர்களுடைய சி.வி.ஓ.ஆர் (ஒன்ராறியோவில் ட்ரக் தொழில் நடத்துவதற்கான பதிவு), அவர்களுடைய இன்சூரன்ஸில் ஓடுவது ஒன்று. எல்லாவற்றையும் உங்கள் பெயரில் எடுத்து, லோட்லிங்க், டி.ஏ.டி போன்ற லோட் போர்டுகளில் (லோட் விளம்பரம் வருகிற இணையத் தளங்களில்) நீங்களே லோட் பிடிப்பது மற்றது. முதல் வருடம் கரியரின் கீழ் ஓடுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். எல்லைப் பத்திரங்கள், மூன்று மாதத்துக்கொரு முறை கொடுக்கும் இஃப்டா எரிபொருள் வரிக் கணக்கு எல்லாவற்றையும் பெரும்பாலும் அவர்களே பார்ப்பார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: டீசல் விலைக்காகக் கூலியோடு சேர்த்துக் கொடுக்கும் ஃபியூவல் சேர்சார்ஜ் முழுதாக எனக்கு வருமா? லோட் கூலியில் ஒரு விகிதத்துக்கு ஓடினால், அந்த லோடின் விலை எழுதிய பத்திரமான ரேட் கொன்ஃபர்மேஷனைக் காட்டுவீர்களா? இரண்டாவதற்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

நிரந்தர வதிவிடம் மட்டும் இருந்து கையில் இலங்கை அல்லது இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், அமெரிக்கா போக விசா வேண்டும். விசா வர முன் அமெரிக்க ஓட்டத்தை நம்பி ட்ரக்குக்குக் கடன் எடுக்க வேண்டாம். அதுவரை மொன்ரியல், வினிபெக் பக்கம் ஓடலாம். ஆனால் குளிர்காலத்தில் வட ஒன்ராறியோவின் 11ஆம், 17ஆம் நெடுஞ்சாலைகளைப் பனி வந்து மூடிவிடும். டெலிவரி நேரத்தை நெருக்கிக் கொடுக்கிற லோடை அந்த மாதங்களில் எடுக்காதீர்கள்.

உங்கள் மைல் என்ன விலை?

இது தெரியாமல் எந்த லோடும் நல்ல லோட் இல்லை, கெட்ட லோடும் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்கு, எல்லாம் கனடிய டொலரில். ட்ரக் தவணை, இன்சூரன்ஸ், ட்ரெய்லர் வாடகை, பார்க்கிங் எல்லாம் சேர்த்து மாதம் 5,400 என்று வையுங்கள். மாதம் 9,000 மைல் ஓடினால் மைலுக்கு 60 சதம். அமெரிக்கக் கலனுக்கு ஆறரை மைல் போகிற ட்ரக், டீசல் லீட்டர் 1.60 என்றால் மைலுக்கு ஏறக்குறைய 93 சதம். ரயர், ஒயில், பழுதுக்கு 20 சதம். உங்கள் சம்பளமாக ஒரு 60 சதம். மொத்தம் 2.33. நம்மவர்கள் பலர் கடைசி 60 சதத்தைப் போடாமல் விட்டுவிட்டு லாபம் வருகிறது என்று நினைக்கிறார்கள். கொம்பனி ட்ரக் ஓட்டியபோது அந்தக் காசு சம்பளமாக வந்ததுதானே.

இப்போது போர்டில் இரண்டு லோட் நிற்கிறது. மிசிசாகாவிலிருந்து ஒர்லாண்டோ, 1,300 மைல், மைலுக்கு 2.90. மற்றது ஒஹாயோவின் கொலம்பஸ், 430 மைல், மைலுக்கு 2.50. கை முதலாவதற்குத்தான் போகும். ஆனால் ஃபுளோரிடாவுக்கு உள்ளே போகிற சாமான் அதிகம், வெளியே வருவது குறைவு. அதனால்தான் போகக் கூடக் கொடுக்கிறார்கள். ஒர்லாண்டோவில் இறக்கிவிட்டு சவன்னா வரை 280 மைல் வெறுமனே ஓடி, அங்கிருந்து 1,550 டொலருக்கு பிரம்ப்டன் லோட் ஒன்று கிடைக்கிறது என்று வையுங்கள். போக 3,770, வர 1,550. ஓடியது 2,620 மைல். மைலுக்கு 2.03தான். சம்பளத்தில் பாதி போய்விட்டது. கொலம்பஸ் லோட் 1,075. அங்கே 40 மைல் தள்ளி 1,150க்குத் திரும்பும் லோட். 900 மைலுக்கு 2,225, மைலுக்கு 2.47. அதோடு மூன்றாம் நாள் வீட்டிலும் நிற்கலாம்.

ஃபுளோரிடா எப்போதும் கூடாது என்று சொல்ல வரவில்லை. வசந்த காலத்தில் மரக்கறி அறுவடை வரும்போது, ரீஃபர் (குளிரூட்டிய ட்ரெய்லர்) வைத்திருப்பவருக்கு அங்கிருந்து வெளியே வர நல்ல விலை கிடைக்கும். நான் சொல்வது, போகிற லோடுக்குச் சம்மதம் சொல்ல முன் வருகிற லோடை போர்டில் தேடிப் பார்த்துவிடுங்கள் என்பதே. வெறும் மைலையும் கணக்கில் சேருங்கள். கனடாவிலிருந்து போகிற நீங்கள் அமெரிக்காவுக்குள் ஓரிடத்தில் ஏற்றி அமெரிக்காவிலேயே இன்னோரிடத்தில் இறக்க முடியாது. திரும்பும் லோட் கனடாவுக்குத்தான் வர வேண்டும். பிடிபட்டால் விசாவுக்கே ஆபத்து.

போனில் கேட்க வேண்டியவை

லோடை ஏற்பாடு செய்து தருகிற புரோக்கரிடம் விலை பேச முன் நிறை எவ்வளவு, ஏற்றுகிற நேரம், இறக்குகிற நேரம், அப்பொயின்ட்மென்டா முதலில் வந்தவருக்கா என்று கேளுங்கள். அமெரிக்காவில் 11 மணித்தியாலம் ஓட்டலாம், ஆனால் வேலை தொடங்கி 14 மணித்தியாலத்துக்குள். வெயர்ஹவுஸ் வாசலில் ஐந்து மணித்தியாலம் நின்றால் அந்த 14இல் ஐந்து போய்விடும். மைல் விலை நன்றாக இருந்தும் நாள் வீணாவது இப்படித்தான். டிடென்ஷன் (காத்திருப்புக் கூலி) எப்போது தொடங்கும், மணிக்கு எவ்வளவு என்பதை ரேட் கொன்ஃபர்மேஷனில் எழுதி வாங்குங்கள். வாசலில் போனதும் வந்த நேரத்தை பில் ஒஃப் லேடிங்கில் (லோடோடு வரும் சாமான் பத்திரத்தில்) போட்டு அங்குள்ளவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அது இல்லாமல் டிடென்ஷன் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். நீங்கள் பார்க்காமல் ஏற்றி சீல் வைத்திருந்தால் 'ஷிப்பர் லோட் அண்ட் கவுன்ட்' (அனுப்புகிறவரே ஏற்றி எண்ணியது) என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள். பெட்டி குறைந்தால் பழி உங்கள் தலையில் அவ்வளவு சுலபமாக விழாது.

43,000 இறாத்தல் ஏற்றியிருந்தால் நெடுஞ்சாலைக்கு ஏற முன் பக்கத்திலுள்ள ட்ரக் ஸ்டொப் தராசில் நிறுத்துங்கள். அமெரிக்காவில் மொத்தம் 80,000, ட்ரெய்லர் இரட்டை அச்சில் 34,000 தான் எல்லை. பின்னால் கூடியிருந்தால் ட்ரெய்லர் சில்லுகளைப் பின்னுக்குத் தள்ளிச் சரிசெய்யலாம். மொத்தமே கூடினால் திரும்பிப் போய் இறக்கத்தான் வேண்டும். தராசுக் கூலி சில டொலர், தண்டம் அப்படி இல்லை.

கடைசியாக, காசு. புரோக்கர் அனுப்பிய ஈமெயிலிலுள்ள போன் நம்பரை நம்ப வேண்டாம். அவருடைய எம்.சி நம்பரை (அமெரிக்கப் பதிவு நம்பரை) அமெரிக்க அரசின் சேஃபர் தளத்தில் போட்டு, அங்கே காட்டும் போன் நம்பருக்கு எடுத்து, இந்த லோட் உண்மையா என்று கேளுங்கள். வேறொருவர் பெயரில் லோடை எடுத்து உங்களிடம் தள்ளிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு மறைகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க புரோக்கர்கள் 75,000 டொலர் பொண்ட் (கூலி தராவிட்டால் ஈடுசெய்யும் பிணை) வைத்திருக்க வேண்டும், ஆனால் அதில் பங்கு கேட்டுப் பலர் வரிசையில் நிற்பார்கள். ஒன்ராறியோவில், உங்களுக்குச் சேர வேண்டிய கூலியைப் புரோக்கர் தனியான ட்ரஸ்ட் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கேட்கத் தயங்க வேண்டாம். இறக்கிய அன்றே கையெழுத்தான பில்லைப் படம் எடுத்து இன்வொய்ஸோடு அனுப்பிவிடுங்கள். காசு தருவதற்கான முப்பது நாள் தவணை அன்றைக்குத்தான் ஓடத் தொடங்கும்.