காரில் ஏற்றிப் போக மின்சார சைக்கிளா? வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சார சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும்?" காரில் ஏற்றிப் போகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அந்தக் கேள்வி கொஞ்சம் காத்திருக்கட்டும். இதை ஒரே ஆளாகத் தூக்க முடியுமா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது.

மடக்கு சைக்கிள் என்றால் லேசாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். மடங்குவதற்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை. 20 அங்குலச் சக்கரமும் 4 அங்குல அகல டயரும் போட்ட மடக்கு வண்டிகள் பல 30 கிலோவைத் தொடுகின்றன. லேசான மாடல்கள் 15 கிலோ அளவிலும் கிடைக்கின்றன. அவற்றில் பேட்டரி சிறியது, கியரும் குறைவு. அடிக்கடி காரில் ஏற்றி இறக்குபவருக்கு அதுவே நல்ல பேரம் என்பேன். விளம்பரத்தில் போட்டிருக்கும் எடை பேட்டரியோடு சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள். பேட்டரி மட்டுமே 2 முதல் 4 கிலோ வரும். அதைக் கழற்ற முடிந்தால் தூக்கும்போது அவ்வளவு பாரம் குறையும்.

கடையில் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் மடித்து, டிக்கி விளிம்பு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. தரையிலிருந்து தூக்குவது ஒன்று, கையை நீட்டி டிக்கிக்குள் இறக்குவது வேறு. முதுகு பிடித்துக்கொள்வது இரண்டாவதில்தான். மடித்த பிறகு பிடிக்கத் தோதான இடம் இருக்கிறதா, பாதியில் தானாக விரிந்துகொள்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

அடுத்த தவறு, டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் பார்ப்பது. 400 லிட்டர் என்பது உள்ளே இருக்கும் இடம். சைக்கிள் நுழைய வேண்டியது வாய் வழியாக. செடான் கார்களில் உள்ளே தாராளமாக இருக்கும், வாயோ குறுகல். ஹேட்ச்பேக்கில் சாய்ந்த பின்கண்ணாடி மேல்பக்க இடத்தைத் தின்றுவிடும். மடித்த அளவுகளில் ஓர் அட்டைப்பெட்டி செய்து உள்ளே வைத்து, கதவை மூடிப் பாருங்கள். பெடலும் ஹேண்டில்பாரும் துருத்திக்கொண்டிருக்கும் என்பதால் எல்லாப் பக்கமும் சில சென்டிமீட்டர் கூட்டிக்கொள்வது நல்லது.

சரி, உள்ளே வேண்டாம், வெளியே ரேக் மாட்டலாம் என்றால் அங்கேயும் எடைதான் குறுக்கே நிற்கும். பட்டையால் பின்கதவில் கட்டும் ரேக்குகள் பெரும்பாலும் ஒரு சைக்கிளுக்குச் சுமார் 15 கிலோதான் தாங்கும். கூரை ரேக் 20 கிலோ வாக்கில் நின்றுவிடும், தவிர தலைக்கு மேலே தூக்கி வைப்பது யார்? கனமான வண்டிக்கு டோ பாரில் (டிரெய்லர் இழுக்கக் காரின் பின்னால் பொருத்தும் கம்பி) மாட்டும், சக்கரங்களைத் தட்டில் நிறுத்தும் மேடை ரேக்தான் சரி. அதிலும் பலர் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள்: டோ பார் தாங்கும் செங்குத்து எடையில் ரேக்கின் எடையும் அடக்கம். வரம்பு 75 கிலோ, ரேக் 18 கிலோ என்றால் மிச்சம் 57. தலா 28 கிலோவில் இரண்டு வண்டி வைத்தால் ஒரே ஒரு கிலோதான் பாக்கி! அப்புறம் டயர் அகலம் ரேக்கின் தட்டில் பொருந்துமா என்பதையும், மேல்குழாய் இல்லாத தாழ்வான ஃபிரேம் என்றால் ரேக்கின் கை எதைப் பிடிக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றி ஏற்றும் எண்ணம் இருந்தால் மோட்டார் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டார் என்றால் ஒயர் இணைப்பைப் பிரிக்கணும், பெரும்பாலும் ஸ்பேனரும் வேண்டும். பெடல் அருகே மோட்டார் உள்ள வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ளதில் சக்கரம் கழன்றிருக்கும்போது பிரேக் பிடியை அழுத்தக் கூடாது. பேடுகள் நெருங்கிக்கொண்டு சக்கரம் திரும்ப நுழையாது. இடையில் செருகும் பிளாஸ்டிக் துண்டை வண்டியோடு கேட்டு வாங்கிவிடுங்கள். படுக்க வைத்தால் கியர் உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும்.

பேட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போவதும் தவறுதான். மூடிய காரின் உட்புறம் 60 டிகிரியைத் தாண்டக்கூடும். லித்தியம் பேட்டரி அந்தச் சூட்டில் சீக்கிரம் தேயும். எளிதில் கழன்று வரும், கைப்பிடியுள்ள பேட்டரியாகப் பார்த்து வாங்கினால் இறங்கும்போது கையோடு எடுத்துக்கொண்டு போய்விடலாம்.