போகோட்டாவில் நிதானமாகச் சுற்ற வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொலம்பியத் தலைநகருக்கு நான்கைந்து பேராக வந்து, அவசரமில்லாமல் ஊரைப் பார்க்க விரும்புகிறவர்கள் தங்கள் பயணத் திட்டத்தை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்பதுண்டு. சென்ற மாதம் வந்த திட்டத்தைப் படித்தபோது, இந்த ஊருக்குப் புதிதாக வந்த காலத்தில் நான் போட்டிருந்த திட்டத்தை யாரோ அப்படியே படியெடுத்துவிட்டார்களோ என்று தோன்றியது. கைப்பேசியைத் தெருவில் நீட்டிப் பிடிக்காதீர்கள், இரவில் தனியே அலையாதீர்கள், கடவுச்சீட்டின் நகலைக் கையில் வைத்திருங்கள் என்பவற்றையெல்லாம் எந்தக் கையேட்டிலும் படித்துக்கொள்ளலாம், அவற்றை விட்டுவிடுகிறேன். நிதானமாகச் சுற்றும் சிறு குழுக்களுக்கென்றே வாய்த்த தவறுகள் சில உண்டு.

வந்த மறுநாளே மொன்செராத்தே ஏறுவது

போகோட்டா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால், அந்த உச்சியில் ஒரு பெருநகரத்தைக் கட்டி வைத்தாற்போன்ற இடம் இது என்று விளங்கும். விமான நிலையத்தில் இறங்கும்போது ஒன்றும் தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதியின் இரண்டாம் மாடிக்கு ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். அப்படியிருக்க, நகரின் கிழக்கு ஓரத்தில் எழும் மொன்செராத்தே மலையின் 3,152 மீட்டர் உச்சியை முதல் நாள் காலையிலேயே திட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். உற்சாகம் மிகுந்த இருவர் படிக்கட்டுப் பாதையில் நடந்தே ஏறப்போவதாகவும் சொல்வார்கள். மாலையில் அவர்கள் தலைவலியோடு படுத்துவிட, மறுநாள் அவர்களுக்காகக் குழுவே அறையில் முடங்கும்.

1929 முதல் ஓடும் இழுவை ரயிலும் 1955இல் வந்த ரோப் காரும் மூன்றாம் நாளிலும் ஓடத்தான் போகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் உச்சியிலுள்ள தேவாலயத்துக்கு வரும் பக்தர் கூட்டம் அதிகம் என்பதாலும், பிற்பகலில் பெரும்பாலும் மேகம் இறங்கிவிடும் என்பதாலும், வாரநாள் ஒன்றின் காலைப்பொழுதே இதற்கு ஏற்றது.

"பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கிழமை பார்க்காமல் தள்ளிப்போடுவது

இந்த ஒன்றைத்தான் என்னால் இன்றும் எரிச்சலில்லாமல் பேச முடிவதில்லை. நிதானமான பயணம் என்றால் எதையும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பொருள்கொண்டு வருகிறார்கள். போகோட்டாவிலோ ஒவ்வொரு கிழமைக்கும் ஒவ்வொரு கதவு மூடியிருக்கும். தங்க அருங்காட்சியகத்துக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. கொலம்பிய ஓவியர் போத்தேரோவின் பெயரிலுள்ள அருங்காட்சியகம் திங்களன்று திறந்திருக்கும், செவ்வாயன்று மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாள்களிலும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, ஏழாம் கரேரா உள்ளிட்ட பெருஞ்சாலைகளின் நீண்ட பகுதிகளை வாகனங்களுக்கு அடைத்து, மிதிவண்டிக்காரர்களுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுவார்கள். 1974இல் தொடங்கிய இந்தச் 'சிக்லோவியா' இன்று 120 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. ஊரே பெருமைப்படும் ஏற்பாடு. அன்று காலை வேன் பிடித்து ஊரைக் குறுக்கே கடக்க நினைப்பவர்களுக்கு மட்டும் தலைவேதனை.

எனக்குத் தெரிந்த குடும்பத்தினர் அறுவர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வந்து, செவ்வாய் அதிகாலை விமானத்தில் லிமாவுக்குப் புறப்படுவதாக இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். தங்க அருங்காட்சியகத்திலுள்ள, இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான மூயிஸ்கா மக்கள் செய்த பொன் தெப்பத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, இந்த வயதில் அத்தனை மணி நேர விமானப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டவர். சனிக்கிழமை முற்பகலில் பழைய நகரப் பகுதியான லா கண்டலாரியாவின் சரிவான சந்துகளில் நடந்து, பொலிவார் சதுக்கத்தில் நின்று படமெடுத்து, சாந்தாந்தேர் பூங்கா வரை வந்துவிட்டார்கள். அருங்காட்சியகம் அந்தப் பூங்காவை ஒட்டியே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொள்ள, காபிக் கடை ஒன்றில் ஒதுங்கினார்கள். ஒதுங்கியவர்களுக்குக் களைப்பும் தெரிய ஆரம்பித்தது. "மாமா, திங்கட்கிழமை முழு நாளும் சும்மாதானே இருக்கு, அன்னைக்கு ஆற அமரப் பார்க்கலாம்" என்று மருமகன் சொல்ல, "சரிங்க மாப்பிள்ளை" என்று பெரியவரும் எழுந்துவிட்டார். சாலையைக் கடந்தால் போதும் என்ற தொலைவில் இருந்துகொண்டு எடுத்த முடிவு அது.

ஞாயிறன்று நகரின் வடக்கேயுள்ள உசாக்கேன் சந்தைக்கு வேன் ஏற்பாடு செய்திருந்தார்கள். சிக்லோவியாவுக்காக அடைத்த சாலைகளைச் சுற்றிச் சுற்றி, முற்பகல் முழுவதும் வேனுக்குள்ளேயே கழிந்தது. அன்று பிற்பகல் தங்க அருங்காட்சியகம் திறந்துதான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை என்பதால் கட்டணமும் இல்லை. ஆனால் 'அதுதான் திங்கட்கிழமைக்கு இருக்கிறதே' என்று விட்டுவிட்டார்கள். திங்கள் காலை பூட்டிய கதவின் முன்னால் நின்றுகொண்டு எனக்குத் தொலைபேசியில் அழைத்தார் மாப்பிள்ளை. செவ்வாய்க்கிழமை திறக்கும் என்று நான் சொன்னபோது மறுமுனையில் பேச்சில்லை. இத்தனை நாளும் அவர்களோடு பேசிக்கொண்டிருந்த விடுதி வரவேற்பாளருக்கும் இதைச் சொல்லத் தோன்றவில்லை, அவரிடம் கேட்க வேண்டும் என்று இவர்களுக்கும் தோன்றவில்லை.

தவறவிட்டது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். 1969இல் போகோட்டாவுக்குத் தெற்கேயுள்ள பாஸ்கா ஊரின் அருகே, ஒரு குகையில் கிடைத்த மண்பாண்டத்துக்குள் இருந்தது அந்தப் பொன் தெப்பம். அதன் நீளம் 19.5 சென்டிமீட்டர்தான், இரு உள்ளங்கைகளில் அடங்கிவிடும். நடுவில் தலைவன் பெரிய உருவமாக நிற்க, சுற்றிலும் பரிவாரம் சின்னஞ்சிறு உருவங்களாக நிற்கிறது. ஒவ்வொருவரின் கண்ணும் அணிகலனும் நூல்போன்ற பொற்கம்பிகளாகத் தெரிகின்றன. நம் ஊர்ச் செப்புத் திருமேனிகளைப் போலவே மெழுகில் வடித்து உலோகம் ஊற்றும் முறையில் செய்தது. உடலெங்கும் பொற்பொடி பூசிக்கொண்ட தலைவன் குவாத்தாவீத்தா ஏரியின் நடுவே சென்று பொன்னைக் காணிக்கையாக இடும் சடங்கைக் காட்டுவது அது என்பார்கள். பொன்னைத் தேடி ஐரோப்பியரைப் பைத்தியமாக அலையவைத்த எல் தொராதோ கதையின் வேர் அந்தச் சடங்கில்தான் இருக்கிறது. பெரியவர் அதைப் பார்க்காமலேயே எல் தொராதோ என்று பெயரிட்ட விமான நிலையத்தின் வழியாக ஊரைவிட்டுப் போனார். அங்கிருந்த நினைவுப்பொருள் கடையில் தெப்பத்தின் பிரதி ஒன்றை மாப்பிள்ளை அவருக்கு வாங்கிக் கொடுத்தாராம்.

திங்கட்கிழமையின் கதையும் அத்தோடு முடியவில்லை. அன்று நாடு முழுவதும் விடுமுறை. கொலம்பியாவின் 18 விடுமுறை நாள்களில் 10 நாள்கள், 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எந்தக் கிழமையில் வந்தாலும் அடுத்த திங்கட்கிழமைக்கு நகர்ந்துவிடும்; அதனால் ஆண்டு முழுவதும் மூன்று நாள் தொடர் விடுமுறைகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஏமாற்றத்தை ஈடுசெய்ய அவர்கள் வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிபாகிராவின் உப்புத் தேவாலயத்துக்குப் போனார்கள். உப்புச் சுரங்கத்துக்குள் 180 மீட்டர் ஆழத்தில் குடைந்து, 1995இல் திறந்த தேவாலயம். பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் அந்த நாளில் அல்ல. மூன்று நாள் வெளியூர் போயிருந்த போகோட்டா மக்கள் அனைவரும் திங்கள் பிற்பகலில்தான் ஊர் திரும்புவார்கள். நெரிசலைக் குறைக்க, பிற்பகலின் முற்பாதியில் ஒரு வகை எண் தட்டும் பிற்பாதியில் மற்றொரு வகையும் என்று தனியார் கார்களை ஒற்றை, இரட்டைப் படையாகப் பிரித்து நகருக்குள் விடுமளவுக்கு நிலைமை இருக்கும். அந்த வரிசையில் ஊர்ந்து, இரவு வெகுநேரம் கழித்து விடுதிக்கு வந்து, தூங்காமலேயே விமானத்துக்குக் கிளம்பியிருக்கிறார்கள்.

ஆகவே, தேதி உறுதியானவுடன் கொலம்பிய விடுமுறைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, எதற்காக இந்த ஊருக்கு வருகிறீர்களோ அதை முதல் வாய்ப்புள்ள நாளிலேயே பார்த்துவிடுங்கள். ஒத்திவைக்கக்கூடியவற்றை அதன் பிறகு தாராளமாக ஒத்திவையுங்கள். திங்கட்கிழமைக்கு லா கண்டலாரியாவும் போத்தேரோவும் பொருந்தும். பெர்னாந்தோ போத்தேரோ தந்த தம்முடைய 123 படைப்புகளும், பிக்காசோ, மோனே முதலியோருடையனவாக அவர் சேர்த்து வைத்திருந்த 85 படைப்புகளும் அங்கே இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. அதுவே விடுமுறைத் திங்களாக இருந்தால் ஊருக்கு வெளியே போகாதீர்கள். மிதிவண்டிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சிக்லோவியாவில் இறங்கிவிடுங்கள்.

முகவரியில் 'சூர்' என்ற சொல்லை விட்டுவிடுவது

கிழக்கில் எப்போதும் மலை தெரியும். அந்த மலைக்கு இணையாக ஓடுபவை கரேராக்கள்; மலையிலிருந்து மேற்கே போகப் போக அவற்றின் எண் கூடும். அவற்றைக் குறுக்கே வெட்டுபவை கால்லேக்கள். வடக்கே போகப் போக எண் கூடும். போத்தேரோ அருங்காட்சியகத்தின் முகவரி கால்லே 11, எண் 4-41 என்றால், பதினோராம் கால்லேயில், நான்காம் கரேரா முனையிலிருந்து ஏறத்தாழ 41 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கணக்கு. இவ்வளவு ஒழுங்கான முறையில் ஒரே ஒரு பொறி உண்டு. நகரின் தென்பகுதியில் கால்லேக்களின் எண்கள் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கி, பெயருக்குப் பின்னால் 'சூர்' (தெற்கு) என்று சேர்ந்துகொள்ளும். கால்லே 26 வேறு, கால்லே 26 சூர் வேறு. முகவரியைக் கையால் குறித்துக்கொள்கிறவர்கள் அந்தக் கடைசிச் சொல்லைத்தான் விடுகிறார்கள். ஓட்டுநரும் சொன்ன இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்.

வடக்கும் நகர மையமும் ஒரே நாளில்

வேண்டாம்.

காலை வெயிலை நம்பிக் குடையை அறையில் வைப்பது

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் வருகிறவர்கள் சாப்பிடப் போனாலும் எடுத்துச் செல்லுங்கள்.

சைவம் என்று சொன்னதாக நினைத்துக்கொள்வது

இறைச்சி வேண்டாம் என்று சொன்னால், பல கடைகளில் மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் மட்டும் நீக்கிவிட்டுக் கோழியோடு கொண்டுவந்து வைப்பார்கள். கோழி, மீன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். போகோட்டாவின் பெயர்பெற்ற அஹியாக்கோ, மூன்று வகை உருளைக்கிழங்கும் குவாஸ்காஸ் என்னும் கீரையும் சேர்ந்து மணக்கும் சூப்; ஆனால் அது கோழிச் சாற்றில் கொதித்தது, துண்டுகளை எடுத்துவிடுவதால் சைவமாகாது. சைவர்கள் சூடான சாக்லேட்டில் பாலாடைக்கட்டியைப் போட்டுச் சாப்பிடும் உள்ளூர் வழக்கத்தை முயன்று பார்க்கலாம். எனக்கு அது முதல் மிடறிலேயே பிடித்துவிட்டது. என் வீட்டில் மற்றவர்களுக்கு இன்னும் பிடிக்கவில்லை.

ஐந்தாவது ஆள்

சிறு குழுவுக்கு ஐந்து என்பதுதான் மிகச் சங்கடமான எண். மஞ்சள் டாக்சிகள் சிறிய கார்கள். நால்வருக்கு மேல் ஏற்றமாட்டார்கள். பலவற்றில் டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தை எரிவாயு உருளை அடைத்துக்கொண்டிருக்கும் என்பதால், நால்வரும் பெட்டிகளோடு ஏறுவதே கடினம். இருமுவதுபோல் பாவனை செய்து ஓட்டுநரிடம் இரக்கம் பெற்று ஐவராக ஏறிவிடலாம் என்று நம்பிய குழுவையும் பார்த்திருக்கிறேன். மழையில் நின்றதுதான் மிச்சம். ஐவராக வருகிறவர்கள் தொடக்கத்திலேயே இரண்டு வண்டிக்குச் செலவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்; ஸ்பானிஷ் தெரிந்தவரும் இணைய இணைப்புள்ள கைப்பேசி வைத்திருப்பவரும் ஒரே வண்டியில் ஏறிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.