ஏர் ரைபிள் போட்டியில் மதிப்பெண் தகராறு தீர்ந்த விதம்
நண்பர்கள் ஆறு பேர் விடுமுறைதோறும் மாமாவின் தென்னந்தோப்பில் 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிளால் 10 மீட்டர் தொலைவில் குறிபார்த்துச் சுடும் போட்டி நடத்தியபோது, ஒவ்வொரு சுற்றும் மதிப்பெண் தகராறில்தான் முடிந்தது. மெல்லிய தாளில் அச்சிட்ட இலக்கு பெல்லட் (சிறு ஈயக் குண்டு) பட்டதும் நார்நாராகக் கிழிந்ததால், துளையின் விளிம்பு எந்த மதிப்பெண் வட்டத்தின் கோட்டைத் தொட்டது என்பதே தெரியவில்லை. தாளைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைமேல் ஒட்டினேன். துளை வட்டமாக, சுத்தமாக விழுந்தது. துளை வட்டக் கோட்டைத் தொட்டாலே அதன் இருபுற மதிப்பெண்களில் உயர்ந்தது என்னும் விதியையும் முன்கூட்டியே அறிவித்தேன். ரைபிள் இலக்கில் பத்து மதிப்பெண்ணுக்குரிய நடுப்புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர் என்பதால், புதியவர்கள் சோர்ந்துவிடாதபடி, பத்துக்குரிய வட்டம் 11.5 மில்லிமீட்டராக உள்ள பிஸ்டல் (கைத்துப்பாக்கி) இலக்கையே எல்லாருக்கும் கொடுத்தேன். இலக்கின் பின்னால் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தாலும், அனைவரும் துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகே முன்னே செல்ல வேண்டும் என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.