ஓவியத்தைப் பார்த்துப் படைவீரன் செய்கிறவர்களுக்கு

போன மாதம் ஒரு தம்பி தன் புது டயோரமாவை (சின்ன உருவங்களை வைத்து அமைக்கும் காட்சி) படம் எடுத்து அனுப்பி, "அண்ணா, எப்படி இருக்கு?" என்று கேட்டார். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரில் ஸ்காட்ஸ் கிரேஸ் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படை, 54 மி.மீ. உயர உருவங்கள், பிரிட்டிஷ் ஓவியர் லேடி பட்லரின் 'ஸ்காட்லாந்து ஃபாரெவர்' ஓவியத்தைப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு செய்தது. முன்பக்கம் அருமை. "பின்பக்கம் ஒரு படம் அனுப்புங்க" என்றேன். இரண்டு நாள் பதிலே இல்லை. காரணம் எனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் அதே ஓவியத்தை வைத்து நானும் அதே தவறைச் செய்தேன்.

பிரைமர் அடிக்காமல் பெயின்ட் அடிப்பது, சூப்பர் குளூவை வழிய விடுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானே புரியும். ஓவியத்திலிருந்து உருவம் செய்யும்போது வருகிற தவறுகள் வேறு மாதிரி, வேலை முடிந்த பிறகுதான் கண்ணில் படும்.

ஓவியத்துக்கு முதுகு கிடையாது

அந்த ஓவியத்தை நன்றாகப் பாருங்கள். குதிரைகள் நேராக நம் முகத்தை நோக்கி வருகின்றன. கரடித்தோல் தொப்பி, நீட்டிய வாள், விரிந்த மூக்குத்துவாரம், உதறும் பிடரி எல்லாம் தெரிகிறது. சேணத்துக்குப் பின்னால் என்ன கட்டியிருந்தது? தோட்டாப்பை முதுகில் எந்த உயரத்தில் தொங்கியது? துணிப்பையும் தண்ணீர்க் குடுவையும் எந்தப் பக்கம்? வால் எவ்வளவு நீளம்? இதில் ஒன்றையும் ஓவியம் சொல்லாது, சொல்ல வேண்டிய தேவையும் ஓவியருக்கு இல்லை. நம் உருவத்தையோ நாலு பக்கமும் சுற்றி வந்து பார்ப்பார்கள்.

நான் வாங்கியவை ஐந்து வெள்ளை உலோகக் குதிரைவீரர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவை, கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து கையைக் கடித்தன. ஓவியத்தில் இருப்பது போலவே வர வேண்டும் என்று கைகளை அறுத்து, புட்டி (பிசைந்து வைத்தால் இறுகும் களி) வைத்து, கழுத்துகளைத் திருப்பி, எட்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். உருவங்களைத் தயாரித்தவர் சரியாக வார்த்துக் கொடுத்திருந்த சேணத்துப் பின் உருளைப்பையையும் தோட்டாப்பையையும், ஓவியத்தில் இல்லையே என்று, அரத்தால் ராவி எடுத்துவிட்டேன். ஐந்திலும்! கண்காட்சியில் ஒரு பெரியவர் மேஜைக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். "தம்பி, இவங்க சாமான் எல்லாம் எங்கே?" என்று மெதுவாகத்தான் கேட்டார். இன்றைக்கும் அந்த வழவழப்பான ஐந்து முதுகுகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. இருந்ததை ராவி எடுத்த பிறகு புட்டியில் திரும்பச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். பெயின்ட்டை முழுக்க உரிக்க வேண்டும், பழைய கூர்மையும் வராது.

அதனால் கத்தியைத் தொடும் முன் ஒரு தாளை எடுத்து, ஓவியத்தில் தெரியாதவற்றை எழுதுங்கள். பிறகு அவற்றைச் சீருடை விளக்கப்படங்களில் தேடுங்கள். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் படை என்றால் பிரெஞ்சு ஓவியர் லூசியன் ரூஸ்லோ வரைந்த விளக்கப்படங்கள் பெரிய புதையல். சேணம், வார், பை என்று தனித்தனியாக வரைந்து காட்டியிருப்பார். அருங்காட்சியகங்களில் இருக்கும் உண்மையான பொருட்களின் புகைப்படங்களும் உதவும். எங்கும் கிடைக்கவில்லையென்றால் உருவத்தோடு வந்ததை அப்படியே விட்டுவிடுங்கள்.

இல்லை, ஓவியம் அப்படியே வேண்டும் என்று மனம் கேட்கவில்லையா? அப்போது பெட்டி டயோரமா செய்யுங்கள். அமெரிக்க உருவக் கலைஞர் ஷெப்பர்ட் பெயின் இதில் கைதேர்ந்தவர். பெட்டியில் ஒரே ஒரு ஜன்னல், விளக்கும் உள்ளேயே இருக்கும், பார்ப்பவர் நீங்கள் நிறுத்திய இடத்தில் நின்றுதான் பார்க்க முடியும். பிரெஞ்சு ஓவியர் அல்ஃபோன்ஸ் தெ நெவில் 1873இல் வரைந்த 'கடைசித் தோட்டாக்கள்' ஓவியத்தைப் போல நாலு சுவருக்குள் நடக்கும் காட்சி இதற்கென்றே அமைந்தது.

எப்போது வரைந்தார்கள் என்று பார்க்காமல் நம்புவது

வாட்டர்லூ 1815. 'ஸ்காட்லாந்து ஃபாரெவர்' 1881. நடுவில் 66 வருடம். லேடி பட்லர் போர்க்களத்தையே பார்த்தவர் அல்ல. ஆனால் அந்தப் படைப்பிரிவின் குதிரைகளைத் தன்னை நோக்கி ஓடிவரச் செய்து, நின்று கவனித்து வரைந்தார். அதனால் குதிரையின் மார்புத் தசைக்கு அவரைத் தைரியமாக நம்பலாம். அன்றைய தாக்குதல் நடந்த விதத்துக்கு நம்பக் கூடாது. முந்தைய நாளும் இரவும் பெய்த மழையில் நிலம் சேறாகிக் கிடந்தது, அப்படி ஒரு முழுப் பாய்ச்சலுக்கு அங்கே வழியே இல்லை. தெ நெவில் கதை வேறு. அவர் வரைந்தது 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரை; அதில் அவரே படையில் இருந்தார், மூன்றே வருடத்தில் அந்த ஓவியத்தை முடித்தார். இருவரும் பெரிய ஓவியர்கள்தான். யாரிடம் எதைக் கேட்பது என்பதில்தான் வித்தியாசம்.

பறக்கும் குதிரை

நாலு காலையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கும் குதிரையைச் செய்யாதீர்கள். 1878இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் எடுத்த புகைப்படங்களிலேயே அது பொய் என்று தெரிந்துவிட்டது. ஓடும் குதிரையின் கால்கள் நான்கும் தரையை விட்டு எழுவது, அவை வயிற்றுக்கு அடியில் மடங்கும்போது.

போன் திரையில் பார்த்து நிறம் கலப்பது

வேண்டாம்.

ஓவியர் போட்ட நிழலை உருவத்திலும் போடுவது

ஓவியத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும், உங்கள் வீட்டு அலமாரியில் மேலிருந்து வரும். ஓவியத்தைப் பார்த்து வலது கன்னத்தைக் கறுப்பாக்கினால் அது நிழலாகத் தெரியாது, அழுக்காகத்தான் தெரியும்.

வீரனை மட்டும் பார்த்துவிட்டுத் தரையை விட்டுவிடுவது

பிரெஞ்சு ஓவியர் மெய்சோனியேயின் '1814' என்ற ஓவியம் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் 80 செ.மீ.கூட இல்லை. எல்லோரும் வெள்ளைக் குதிரையில் இருக்கும் நெப்போலியனைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் குளம்புக்குக் கீழே பாருங்கள். பனி வெள்ளையாகவே இல்லை. சக்கரமும் குளம்பும் மிதித்துக் குழப்பிய பழுப்புச் சேறு, அதன் வரப்புகளில் மட்டும் அழுக்கு வெள்ளை.

இதைச் செய்ய, சலித்த மண்ணை வெள்ளைப் பசையில் குழைத்துப் பரப்பி, பாதி காய்ந்ததும் சக்கரத்தையும் குளம்பையும் அழுத்துங்கள். நன்றாகக் காய்ந்ததும் பள்ளங்களில் மட்டும் பளபளப்பு வார்னிஷ். பனியைக் கடைசியில், வரப்பின் முதுகில் மட்டும் வையுங்கள். கொஞ்சம் பழுப்பு கலந்த வெள்ளையாக இருக்கட்டும்.