நிமிர்த்திய பிறகே நிழல்

பாட்டியின் 80ஆம் பிறந்தநாளுக்காக, கணினியில் ஒரு நினைவு ஆல்பம் செய்தேன். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் பால்மரம் சீவிய காலத்துப் படங்கள். தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசல், பால் வாளிகள், கோயில் திருவிழா. ஒவ்வொன்றும் தாளிலிருந்து மேலெழுந்து தெரிய, கிம்ப் (GIMP) என்ற படத்தொகுப்பு மென்பொருளில் நிழல் சேர்த்தேன்.

சோதனைக்கு ஒரு பக்கத்தை அச்சிட்டதும் மனம் சோர்ந்துவிட்டது. மற்றப் படங்களுக்கு நிழல் வலப்புறம் கீழே விழ, பாட்டியின் படத்துக்கு மட்டும் இடப்புறம் விழுந்திருந்தது. ஒரே பக்கத்தில் இரண்டு சூரியன்கள்!

காரணம் புரிய ஓர் இரவு பிடித்தது. ஸ்கேன் செய்தபோது குறுக்காக விழுந்த அந்தப் படத்தை, நிழல் சேர்த்த பிறகு வலமாகத் திருப்பி நிமிர்த்தியிருந்தேன். நிழலும் கூடவே திரும்பிவிட்டது. இப்போது முதலில் திருப்புகிறேன், சாய்க்கிறேன், நிழல் கடைசியில்தான். நிழலில்லாத பிரதியையும் தனி அடுக்கில் வைத்திருக்கிறேன்.

அளவிலும் தவறியிருந்தேன். 12 அங்குலப் பக்கம், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் அகலம் 3,600 பிக்சல். அதில் 10 பிக்சல் நிழல் அச்சில் 1 மில்லிமீட்டர்கூட வராது. 25 ஆக்கினேன், படம் உண்மையிலேயே மேலெழுந்து நிற்பதுபோல் தெரிகிறது.

படத்தைச் சுற்றி ஒளிவட்டம் போடுவது எளிது: நிழல் சேர்க்கும் அதே கருவியில் நிழலின் பக்கவாட்டு, மேல்கீழ் நகர்வு இரண்டையும் பூஜ்யமாக்கி, கறுப்புக்குப் பதில் வெளிர்மஞ்சள். வெள்ளைப் பின்னணியில் அது தெரியாது. அதனால் பாட்டியின் பக்கத்துக்கு ரப்பர் இலையின் கரும்பச்சையைக் கொடுத்தேன்.